கிருமிகளின் சங்கமும் முனியாண்டி மாமாவின் சுண்டுவிரலும்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிப்பவர்களை விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முதலாம் ஆண்டில் தனக்கு ஒன்றும் தெரியாது என்ற பயமாவது இருக்கும். மூன்றாம் ஆண்டுப் பரீட்சை அந்தப் பயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். நடுவில் இருக்கிற அந்த ஒரு வருடம்தான் ஆபத்து. தொண்ணூறுகளின் கடைசியில், நான் அந்த ஆபத்தான வருடத்தில், நுண்ணுயிரியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு லாபு பக்கத்தில் எங்கள் குடும்பம் வேலை செய்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு வந்து இறங்கினேன்.

அம்மாவின் அண்ணன் முனியாண்டி மாமாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. செம்பனை முள் குத்திய பாதத்தில் எட்டு மாதமாகப் புண் ஆறவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர், இரண்டு நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கே வந்து, புண்ணின்மேல் படிந்த வழவழப்பைச் சுரண்டி எடுத்துக் கட்டுப்போடுவார். புண் மோசமானால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார்.

இவ்வளவு மாத்திரை தின்றும் ஏன் ஆறவில்லை என்று அத்தை கேட்டதுதான் தாமதம், நான் ஆரம்பித்துவிட்டேன். (யாரும் நாற்காலி போடவில்லை. நானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.) கிருமிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் என்றேன். வாயால் இல்லை, ஒருவகை ரசாயனத்தைக் கசியவிட்டு. கொஞ்சம் பேர் இருக்கும்போது சும்மா இருக்கும். ஆள் சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, பிசின் மாதிரி ஒரு கோட்டை கட்டி உள்ளே உட்கார்ந்துகொள்ளும். மருந்து லேசில் உள்ளே போகாது. அந்தப் பேச்சைக் கெடுத்துவிட்டால் கோட்டை தளர்ந்துவிடும், இப்போது அதற்குத்தான் ஆராய்ச்சி நடக்கிறது என்றேன்.

அத்தை கொட்டாவி விட்டார். மாமாவுக்காவது புரியட்டும் என்று, நம்ம சங்கம் மாதிரி மாமா என்று சேர்த்துக்கொண்டேன். அங்கேதான் சனி பிடித்தது.

மாமா தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் இருபத்தைந்து வருடம் கிளைச் செயலாளராக இருந்தவர். ஒருவன் தனியாகப் போய்க் கேட்டால் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியே விரட்டிவிடுவார், நூறு பேராகப் போனால் மேனேஜர் துரையே எழுந்து வந்து பேசுவார் என்பதுதான் அவருடைய வேதம். நிமிர்ந்து உட்கார்ந்தார். எட்டு மாதமாகக் காணாத களை முகத்தில் வந்துவிட்டது.

மறுநாள் டிரெசர் வந்தபோது மாமா காலை நீட்டவில்லை. சுரண்டுவதும் மாத்திரை கொடுப்பதும் நிர்வாகம் அடியாள் விடுகிற வேலை, அதனால் கூட்டம் கலையாது, இன்னும் கெட்டிப்படும் என்று அவருக்கே விளக்கினார். பேச்சைக் கெடுக்கிற மருந்து வரட்டும் பார்க்கலாம், ஆனால் அதுவும் கருங்காலி வேலைதான் என்றார். டிரெசர் என்னைப் பார்த்தார். அந்த மருந்து இன்னும் சோதனைக்கூடத்துத் தட்டில்தான் இருக்கிறது என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் பேச்சை ஒருவர் அத்தனை கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகும் டிரெசரைக் காலைத் தொட விடவில்லை. ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. பாதம் வீங்கி, சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது. தோட்டத்து வேனில் சிரம்பானுக்கு ஓடினோம். மாமாவின் காலை நான் வாயாலேயே வெட்டிவிட்டேனோ என்று வழியெல்லாம் அந்தக் கறுத்த விரலையே பார்த்துக்கொண்டு போனேன்.

கட்டுப்போடுவதை நிறுத்தச் சொன்னது யார் என்று வார்டில் டாக்டர் கேட்டார். மாமா பெருமையாக என்னைக் காட்டினார்.

"யூனிவர்சிட்டில படிக்கிது டாக்டர். அது சொன்னா சரியாத்தான் லா இருக்கும்."

கிருமிகளின் பேச்சைக் கெடுக்கிற மருந்து வருகிறதாம் என்றும் சேர்த்துக்கொண்டார். அது என்ன மருந்து என்று டாக்டர் என்னைக் கேட்டார். இன்னும் மனிதர்களுக்குக் கொடுப்பதில்லை என்று முனகினேன். கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. விரல் தப்பாது, உடனே எடுக்க வேண்டும், பிறகு ஒழுங்காகச் சுரண்டிச் சுத்தம் செய்தால் காலைக் காப்பாற்றலாம் என்றார் அவர். டிரெசர் இத்தனை நாளும் சுரண்டியது அந்தக் கோட்டையைத்தான் என்றும் சொன்னார். (எங்கள் புத்தகத்திலும் அது இருந்ததாம். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.)

மாமா சம்மதிக்கவில்லை. சங்கத்தை உடைக்கத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அத்தை அழ ஆரம்பித்தார். நான் கட்டிலருகே போய் நின்றேன்.

"மாமா, நான் தப்பாச் சொல்லிட்டேன். அது தொழிலாளிங்க சங்கம் இல்ல. ஒரு வேலயும் செய்யாம, உள்ளாற கோட்ட கட்டி ஒக்காந்துக்கிட்டு ஒங்களத் தின்னுதுங்க. அதுங்கதான் மாமா நிர்வாகம்."

மாமா போர்வையை விலக்கித் தன் பாதத்தைப் பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான லா, பாப்பா," என்று பேனாவுக்குக் கை நீட்டினார்.

விரல் போனது, கால் நின்றது. நான் இப்போது கல்லூரியில் இதே பாடத்தை நடத்துகிறேன். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் மாமா செருப்பைக் கழற்றி, புதிதாக வந்த சம்பந்திகளிடம் அந்தப் பாதத்தை நீட்டுவார். என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைப்பார்.

"மொதல்ல இவ கிருமி பக்கம் பேசுனா, ஒரு வெரலு போச்சு. அப்பறம் நம்ம பக்கம் வந்தா, ஒம்போது மிஞ்சிச்சு."