அடுப்பின் மேல் போட்ட பழி

முதல் கவளத்தை வாயில் போட்ட எழிலனுக்கு அதை விழுங்குவதா, துப்புவதா என்று தெரியவில்லை. எதிரில் மோகனப்பிரியா கரண்டியும் கையுமாக நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். இந்த எட்டு மாதத்தில் அவள் வைத்த மீன் குழம்பில் ஒன்றுகூட இன்னொன்றைப் போல இருந்ததில்லை. நன்றாக இல்லாததில் மட்டும்தான் எல்லாம் ஒரே மாதிரி.

"நல்லா இல்லியா?"

"ஏன், நல்லாத்தான இருக்கு."

"பொய் சொல்லாதீங்க. மூஞ்சே காட்டிக்குடுக்குது." அவள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "எங்கம்மா எப்படி வெக்கிறாங்களோ அப்படியேதான் வெக்கிறேன். எனக்கு மட்டும் ஏங்க வர மாட்டங்குது?"

எழிலனுக்குப் பெண்டாட்டி மேல் கொள்ளை ஆசை. அவள் அழுதால் தாங்க மாட்டான். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டைல்ஸ் கடையில் அவனுக்கு வேலை. மூலை உடைந்த டைல்ஸைக்கூட "டிசைனே அப்படித்தான் சார்" என்று தள்ளிவிடுகிறவன். அந்தப் பழக்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான்.

"உன் கைப்பக்குவத்துல ஒரு கொறையும் இல்ல பிரியா. எல்லாம் இந்த கரண்ட் அடுப்பால வர்றது. இதுல மண்சட்டி வெக்க முடியுதா? மீன் கொழம்புக்கு நெருப்பு வேணும்."

அவள் திரும்பி அந்த அடுப்பைப் பார்த்தாள். எட்டு மாதமாகத் தன்னை ஏமாற்றியவனைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப கேஸ் வாங்குங்க."

அன்றைக்குப் பிடித்தது எழிலனுக்குச் சனி.

கேஸ் ஏஜென்சியில் கவுண்டரில் இருந்த பெண் ஆதாரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "உங்க பேரு சிதம்பரத்துல உங்கப்பா ரேஷன் கார்டுல இருக்கு சார். அந்தக் கார்டுக்கு ஏற்கெனவே கனெக்‌ஷன் இருக்கு. பேர எடுத்துட்டு வாங்க, குடுக்கறோம்."

இவ்வளவுதானே என்று சிதம்பரத்துக்கு பஸ் ஏறினான். அப்பா சபாபதி கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். முப்பது வருஷம் பஸ்ஸில் கத்தியே பழகியதால், காதோடு சொல்ல வேண்டியதையும் தெரு முழுக்கக் கேட்கும்படிதான் சொல்வார்.

"கார்டுலேருந்து பேர எடுக்கணுமா? ஏன்டா, பாகம் பிரிக்கச் சொல்றாளா உன் பொண்டாட்டி?"

"அப்பா, கேஸுக்காகப்பா."

"பேர எடுக்கறதுன்னா என்னா அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? உங்க சித்தப்பன் இப்படித்தான் ஆரம்பிச்சான். மொதல்ல பேரு, அப்பறம் வூடு, அப்பறம் கொல்லை!"

எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அம்மா சின்னப்பிள்ளை அடுக்களையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். "வந்து எட்டு மாசம் ஆவல, புள்ளைய பிரிச்சிட்டாளே" என்று அவள் முனகியது எழிலன் காதில் விழுந்தது. பிரியாவின் தலை உருளக் கூடாதே என்ற பதற்றத்தில் மறுபடியும் அடுப்பின் தலையை உருட்டினான்.

"அவ மேல தப்பு இல்லப்பா. கரண்ட் அடுப்புல கொழம்பு சரியா வரல. கேஸ் வந்தா பிரமாதமா வெப்பா."

சபாபதி யோசித்தார். "பொங்கலுக்கு நாங்க உங்க வூட்டுக்கு வந்தப்ப ஒரு மீன் கொழம்பு ஊத்துனாளே. ரெண்டு நாளு எனக்கு நாக்கே செத்துப்போச்சு. அதுக்கு அடுப்புதான் காரணமா?"

"சத்தியமாப்பா."

"அடடா, அந்தப் புள்ளைய போயி தப்பா நெனச்சிட்டனே." உடனே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். போட்டுவிட்டு, "கேஸ் வந்த மொத ஞாயித்துக்கெழம நானும் உங்கம்மாவும் வரோம். மருமவள மீன் கொழம்பே வெக்கச் சொல்லு" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது புவனகிரி தாண்டித்தான் எழிலனுக்கு உறைத்தது. கேஸ் வராவிட்டால் பிரியா விட மாட்டாள். வந்துவிட்டாலோ, குழம்பு நன்றாக இல்லாததற்குச் சொல்ல ஒரு காரணமும் மிச்சம் இருக்காது. பழியைத் தாங்க அடுப்பு இருந்தவரைக்கும்தான் அவள் நிம்மதி. அதை அவனே பிடுங்கப் போகிறான், அதுவும் அப்பா அம்மா முன்னால். கேஸ் வரவே கூடாது என்று மனசுக்குள் பாடலீஸ்வரரைக் கும்பிட்டுக்கொண்டே, சீக்கிரம் அனுப்புங்கள் என்று ஏஜென்சிக்கு போன் போட்டான்.

வெள்ளிக்கிழமை சிலிண்டர் வந்துவிடும் என்றார்கள். அந்தச் செய்தி போதும், பிரியா கரண்ட் அடுப்பையும் அதற்கென்று வாங்கிய தட்டை அடிப் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டுபோய்க் கீழ்வீட்டு ஓனர் தைலம்மாளிடம் கொடுத்துவிட்டாள்.

"வந்தப்பறம் குடுக்கக் கூடாதா?" என்றான் எழிலன்.

"அத பாத்தாலே எனக்கு ஆத்திரமா வருதுங்க. அந்தம்மா வென்னீரு வெச்சிக்கட்டும்."

அந்த வெள்ளிக்கிழமையும் போயிற்று, அடுத்த வெள்ளிக்கிழமையும் போயிற்று. சிலிண்டர் வரவில்லை. இரண்டு பேரும் காலையில் பன், மத்தியானம் பொட்டலச் சோறு, ராத்திரி இட்லி என்று ஹோட்டல்காரனைக் கும்பிட்டுக் கிடந்தார்கள். அவனுக்கு வயிறு கெட்டது, அவளுக்கு வாய் புண்ணானது. ஆனால் பிரியாவின் முகத்தில் மட்டும் ஒரு பிரகாசம். புது மண்சட்டி வாங்கி, கஞ்சித் தண்ணி ஊற்றிப் பழக்கி, துணி போட்டு மூடி வைத்திருந்தாள். எழிலன் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

ஒருவழியாகச் சனிக்கிழமை சாயங்காலம் சிலிண்டர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் அம்மாவும் சிதம்பரத்தில் பஸ் ஏறிவிட்டார்கள். பிரியா மீன் வாங்க முதுநகருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அடுப்பை மாட்ட மெக்கானிக் ஸ்ரீதர் வந்தான். ரெகுலேட்டரை மாட்டித் திருகியதும் உஸ்ஸென்று சத்தம்.

"ரெகுலேட்டர் லீக்கு சார். வேற ஒண்ணு இருந்தா போட்டுப் பாக்கலாம்."

எழிலன் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, தைலம்மாளிடம் கெஞ்சி, அவள் சிலிண்டரில் இருந்த ரெகுலேட்டரைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தான். சத்தம் நின்றது. ஆனால் ஸ்ரீதர் டியூபை இழுத்துச் சொருகிய வேகத்தில் டியூப் வாயோடு கிழிந்தது.

"வேற டியூப் எடுத்தாறலாமே?"

"ஞாயித்துக்கெழம கடை ஏது சார்? நாளைக்கி வரேன்." ஸ்ரீதர் பையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் கைநிறைய சங்கரா மீனோடு பிரியா வந்து நின்றாள். அதே சமயம் போனில் அப்பாவின் குரல்: "பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டோம்டா! பசி பிடுங்குது!"

கிழிந்த டியூபைப் பார்த்துப் பிரியா பேந்தப் பேந்த விழித்தாள். பிறகு, "நீங்க போயி அவுங்கள இட்டாங்க. மெதுவா இட்டாங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மெதுவாகத்தான் கூட்டிவந்தான். பழம் வாங்கிக் கொடுத்தான், பூ வாங்கிக் கொடுத்தான், காபி குடிக்கச் சொன்னான். தன் சாயம் இன்றைக்கு வெளுப்பது நிச்சயம் என்று தெரிந்தவன் வேறு என்ன செய்வான்? ஆனால் வீட்டுப் படி ஏறும்போதே வாசனை மூக்கைத் துளைத்தது. கூடத்தின் நடுவில் மண்சட்டி, அதில் தளதளவென்று மீன் குழம்பு.

சபாபதி ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். "ஏ சின்னப்பிள்ள! இதான்டி கொழம்பு! மண்சட்டி வாசன தூக்குது பாரு! கேஸுன்னா கேஸுதான்!"

சின்னப்பிள்ளை மருமகள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எழிலனும் சாப்பிட்டான். அவன் பிறந்ததிலிருந்து இப்படி ஒரு குழம்பு சாப்பிட்டதில்லை. மோர் எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குள் நுழைந்து பிரியாவைப் பிடித்தான்.

"எப்படி?"

"மெதுவா பேசுங்க. நான் வெக்கல. மீன கீழ குடுத்தனுப்பிட்டேன், தைலம்மா வெச்சிக் குடுத்தாங்க. நான் சட்டியில மாத்துனதோட சரி." அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். "நீங்க அடுப்பதான் காரணம்னு சொன்னப்ப, என்ன சமாதானப்படுத்தச் சொல்றீங்களோன்னு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துதுங்க. உங்களுக்குத் தெரியாம அத நெனச்சி அழுவேன். இப்பதான் நம்பிக்க வந்துது. எல்லாம் அவுங்க வூட்டு கேஸு. நாளையிலேருந்து பாருங்க, நானும் இப்படியே வெப்பேன்."

எழிலனுக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பித்தோம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருமாகக் கூடத்துக்கு வந்தபோது, தைலம்மாள் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க உள்ளே நுழைந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, கொழம்பு எல்லாருக்கும் போதுச்சா? ஒன் வூட்டுக்காரரு எங்க ரெகுலேட்டர காலையிலயே கழட்டியாந்துட்டாரு, நல்லவேள நீ குடுத்த கரண்ட் அடுப்பு இருந்துது, அதுலயே வெச்சிட்டேன். அம்மாடி, என்னா ருசி, எங்க வூட்டு கேஸுல ஒருநாளும் இப்படி வந்ததில்லம்மா!"