பேங்க்காரரிடம் நான் பேசி முடித்த சம்பந்தம்

எனக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. பலர் இதை நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குணமெல்லாம் இல்லை, கூச்சம். முடியாது என்று சொன்னால் எதிரில் இருப்பவர் 'ஏன்?' என்று கேட்பார். அப்புறம் அதற்கு வேறு பேச வேண்டும். தலையாட்டிவிட்டால் வேலை முடிந்தது. தாதர் ஸ்டேஷனில் யாராவது வழி கேட்டால்கூட, அந்த இடம் எனக்குத் தெரியாவிட்டாலும், அவர் கைகாட்டும் திசைதான் சரி என்று தலையாட்டி அனுப்பிவிடுவேன். (அவர்களில் சிலர் இன்னும் நடந்துகொண்டிருக்கலாம்.)

இப்படித் தலையாட்டியே என் மகளின் வெளிநாட்டுப் படிப்பை ஒரு பிற்பகலில் கவிழ்க்கப் பார்த்தேன்.

தாராவியில் எங்களுக்குக் கீழே வீடு, மேலே கர்கானா. கர்கானா என்றதும் தொழிற்சாலை என்று பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடப் பை தைக்கிற சில மெஷின்கள், அதில் ஒன்றில் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடப் பை தைப்பதில் ஏதோ அர்த்தம் இருப்பதாக என் மகள் வனிதா சொல்வாள். எனக்கு அந்த ஆர்டர்தான் வந்தது, வேறொன்றும் இல்லை.

வனிதா எங்களுக்கு ஒரே பெண். இன்ஜினியரிங் முடித்து வடாலாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே படிக்க அயர்லாந்துக்கு எழுதிப் போடுகிறேன் என்றாள். தலையாட்டினேன். அது நியூசிலாந்துக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இடமும் கிடைத்துவிட்டது. இனி விசா வேண்டும். விசாவுக்கு, படிப்புச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். எங்களிடம் காட்ட இருந்ததெல்லாம் பைகள்தான். ஆகவே வங்கியில் படிப்புக் கடன் கேட்டிருந்தாள். கடன் உறுதி என்று வங்கி எழுதிக் கொடுத்தால்தான் விசாவுக்குப் போக முடியும். விசா ஆபீசில் நாளும் வாங்கியாகிவிட்டது. அதற்குள் வங்கி ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்பி விசாரிக்கும்.

"வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணுவாங்கன்னு நினைக்கிறேன்ப்பா. என்ன கேட்டாலும் உள்ளத மட்டும் சொல்லுங்க, அவ்ளோதான்" என்றாள் வனிதா. தலையாட்டினேன்.

அதே வாரம் என் மனைவி செல்வியின் தம்பி முருகேசன் செம்பூரிலிருந்து வந்தான்.

"அத்தான், வனிதாவுக்கு ஒரு நல்ல இடம். செம்பூர்லயே சொந்த ஃபிளாட்டு, பையன் ரயில்வே. மொதல்ல பையனோட பெரியப்பா மட்டும் சும்மா வந்து பார்ப்பாவ. சொல்லிட்டு வரமாட்டாவ. லேன்ல நாலு பேருகிட்ட விசாரிப்பாவ. நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துக்கோங்க."

"அவ வெளிநாடு போறாளே" என்றேன். (மனசுக்குள் சொல்லியிருக்கவும் கூடும்.)

"அது கெடைக்கும்போது பாப்போம். அவுகளுக்கு வெளிநாட்டுப் பேச்சே ஆகாது. கேட்டா, புள்ள சும்மா ஆசைக்கு எழுதிப் போட்டான்னு சொல்லிருங்க. என்ன, சரியா?"

அதற்கும் தலையாட்டினேன். ஆக அந்த வாரம், மகளை அயர்லாந்துக்கு அனுப்புகிற அப்பாவும், எங்கேயும் அனுப்பாத அப்பாவும் ஒரே சட்டைக்குள் இருந்தார்கள். இரண்டு பேரும் நிம்மதியாகத்தான் தூங்கினார்கள். வனிதாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் 'ஏன்?' என்று கேட்பாள்.

வனிதா விசா போட்டோ எடுக்க தாதர் போயிருந்த நேரம். முருகேசன் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த எதிர்வீட்டு ரஹ்மத் அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"தம்பி, ஆளு வந்தாச்சு! மாப்பிள்ளையோட பெரியப்பா! சட்டைய மாத்து!"

"அவருதான்னு எப்படிக்கா தெரியும்?"

"வேற எவரு? நரைச்ச தலை, இஸ்திரி போட்ட சட்டை, கக்கத்துல ஃபைலு. வனிதா எப்படிப்பட்ட பொண்ணு, அப்பா எப்படின்னு கேக்காரு. நம்ம லேன்ல ஒரு பொண்ணப் பத்தி வேற எதுக்கு ஒருத்தரு கேப்பாரு? நான் நல்லா எடுத்துவிட்டுட்டுதான் வாரேன்."

அவர் எடுத்துவிட்டது என்ன என்பது பின்னால்தான் தெரிந்தது. எங்க வனிதா மாதிரி பொண்ணு கிடையாது. வேலை விட்டா வீடு. தாதருக்குக்கூடத் தனியாப் போனதில்ல. வெளிநாடா? எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் சொல்லிருப்பான் சார், இந்த லேனைத் தாண்டி அவ எங்கயும் போகமாட்டா.

பெரியவர் வாசலில் நின்றார். பேச்சு மாட்டுங்காப் பக்கத்து ஆபீஸ் தமிழ். "வனிதாவோட அப்பா நீங்கதானே? விசாரிக்க வந்திருக்கேன்" என்று சட்டைப்பையிலிருந்து ஐடி கார்டை எடுத்து நீட்டினார்.

ஒரு சம்பந்தி வீட்டுப் பெரியவரிடம் கார்டு வாங்கிப் பார்ப்பதா? எனக்கு உடம்பே கூசியது. "ஐயோ, அதெல்லாம் எதுக்கு சார்? உங்க முகத்தப் பார்த்தாலே தெரியுதே" என்று அவர் கையை மெதுவாக மடக்கிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கார்டை உள்ளே வைத்தார். அந்த வேலையில் அவருக்கு இப்படி மரியாதை கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

செல்வி கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்தாள். அவர் வேண்டாம் என்றார். நாங்கள் விடவில்லை.

வீடு சொந்தமா, தொழில் எத்தனை வருஷமாக, வருமானம் எப்படி, பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டார். ஒரு பெரியப்பா என்னென்ன கேட்க வேண்டுமோ அத்தனையும் முறையாகக் கேட்டார். நானும் வாழ்நாளில் பேசாத அளவுக்குப் பேசினேன். பிறகு அவர் கேட்டார்:

"வெளிநாட்டுக்குப் படிக்கப் போறது உறுதிதானே?"

முருகேசன் சொல்லிக்கொடுத்தது அப்படியே வந்தது. "அது புள்ள சும்மா ஆசைக்கு எழுதிப் போட்டது சார். எங்க போகப் போறா? தை மாசத்துல கல்யாணத்த வச்சுக்கலாம்னு இருக்கோம்."

அவர் பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். "அப்போ படிப்பு?"

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா இன்னைக்கே நிறுத்திடுதேன்."

"நான் சொல்லணுமா?"

"உங்க முடிவுதான் சார் எங்களுக்கு."

"அது சரி, ஆனா நாங்க குடுக்கிற பணம்?"

நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டார் பணம் கொடுப்பதாக எங்கள் வம்சத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

"நீங்க குடுக்கீங்களா!" என்றேன். "பெரிய மனசு சார் உங்களுக்கு. வாரதப் பூராவும் நகையாவே போட்டுடுதோம்."

"நகையாவா?"

"மிச்சம் இருந்தா மண்டபத்துக்கு" என்றாள் செல்வி.

அவர் போனில் ரொம்ப நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். எழுந்தார். கேசரியை மட்டும் சாப்பிட்டு முடித்திருந்தார். வாசல்வரை போய்க் கும்பிட்டு வழியனுப்பினேன். காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

வனிதா ஓட்டமும் நடையுமாக வந்தாள். போட்டோ எடுக்க உட்கார்ந்த நேரத்தில் அவளுக்கு போன் போயிருக்கிறது. அப்ளிகேஷனை நீங்களே வாபஸ் வாங்குறீங்களாம்மா, இல்ல பேங்க்கே ரிஜெக்ட் பண்ணட்டுமா என்று வந்துவிட்டுப் போன பெரியவர் பணிவாகக் கேட்டாராம்.

"அப்பா, யாருக்குத் தை மாசம் கல்யாணம்?"

நான் மூலையில் இருந்த பைகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"அரே, பேங்க்காரர்கிட்ட போய் லோன் பணத்துல நகை வாங்குதேன்னு யாராவது சொல்வாங்களா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. செல்வி தட்டை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முருகேசன் விஷயம் முழுவதும் வெளியே வந்தது. வனிதா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"வேண்டாம்னா வேண்டாம்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லப்பா. ஒரு வருஷமா ராத்திரி பகலா ஓடிட்டு இருக்கேன். நீங்க தலையாட்டும்போது, சரின்னு சொல்லுதீங்கன்னு நினைச்சேன்."

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் என்னை வங்கிக்கு இழுத்துப் போனாள். மேனேஜர் ஒரு மராட்டி அம்மா. வனிதா இங்கிலீஷில் விளக்கத் தொடங்கியதும் அவர் கையைக் காட்டி நிறுத்தி, "அப்பா பேசட்டும்" என்றார். என் ஹிந்தி கர்கானா ஹிந்தி. துணி, ஜிப், பக்கிள் எல்லாம் அதில் உண்டு. கல்யாணம், படிப்பு எல்லாம் கிடையாது.

"மகள் போகிறாள் என்கிறாள். நீங்கள் எங்கள் ஆளிடம் போகவில்லை என்றீர்கள். எது நிஜம்?"

தலையாட்டினேன்.

"இதற்குத் தலையாட்ட முடியாது" என்றார்.

வனிதா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்த்தி மேரா" என்றேன். தப்பு என்னுடையது. வந்தவரை மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா என்று நினைத்துவிட்டேன் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு கம்ப்யூட்டரையே பார்த்தார். பக்கத்து அறையில் யாரோ சிரித்தார்கள். மறுபடி விசாரிக்க அதே ஆளை அனுப்புவதாகச் சொன்னார். அதுதான் கடைசி வாய்ப்பு. இதிலும் சொதப்பினால் விசா நாள் போய்விடும், படிப்பும் போய்விடும்.

இந்த முறை லேன் முழுவதும் தயாராக இருந்தது. ரஹ்மத் அக்கா எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். கொஞ்சம் அதிகமாகவே.

"வனிதா வெளிநாடு போவாளா?" என்று பெரியவர் கேட்டிருக்கிறார்.

"சத்தியமாப் போவா சார். போனா போனதுதான், இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கமாட்டா!"

"அப்போ கடன யார் கட்டுறது?"

ரஹ்மத் அக்காவுக்கு அந்தக் கேள்வி பாடத்தில் இல்லை. "அதெல்லாம் அவளப் புடிக்கவே முடியாது சார்" என்று சொல்லிவிட்டார்.

பெரியவர் முகம் சுருங்கித்தான் என் வாசலுக்கு வந்தார். இந்த முறை நான் கையை நீட்டி, "கார்டு காட்டுங்க சார்" என்றேன். காட்டினார். அதில் இருந்த இங்கிலீஷ் எனக்குப் புரியாது. இருந்தாலும் படத்தையும் அவர் முகத்தையும் மாற்றி மாற்றி நன்றாகப் பார்த்தேன். அவர் பொறுமையாக நின்றார்.

"இப்ப சொல்லுங்க. போறாளா இல்லியா?"

உள்ளே வனிதா கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

"போவா சார். கடன அவளே கட்டுவா. கட்ட முடியலன்னா நான் தைச்சுக் கட்டுதேன். திரும்பி வாரது, வராதது அவ இஷ்டம். கல்யாணமும் அவ இஷ்டம். நான் எதுக்கும் தலையாட்டல, வாயால சொல்லுதேன், எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். "இன்னிக்கு கேசரி இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வங்கியின் கடிதம் வந்தது. விசாவும் வந்தது. நிஜமான பெரியப்பா அதற்கு இடையில் ஒருநாள் வந்திருக்கிறார். லேனே ஒன்றுகூடி, பொண்ணு அயர்லாந்து போறது உறுதி, அப்பா அதுல ரொம்பக் கண்டிப்பு, மொதல்ல உங்க ஐடி கார்டக் காட்டுங்க என்றதும், வந்த வழியே செம்பூருக்குத் திரும்பிவிட்டாராம். முருகேசன் என்னோடு மறுபடி பேச ஒரு தீபாவளி கழிய வேண்டியிருந்தது.

வனிதா அங்கே படித்து முடித்து வேலையும் பார்க்கிறாள். கடனை அவள்தான் கட்டுகிறாள். அவளைப் பார்த்து எங்கள் லேனில் இன்னும் சில பெண்கள் வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். அந்த வீடுகளுக்கு வங்கி ஆள் வருகிற நாளில் லேனில் ஒரு வழக்கம் உண்டு. காலையிலேயே என்னை ஊரை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

போன மாதம் ரஹ்மத் அக்காவின் மகள் ஷபானாவின் முறை. அக்கா விடிந்ததும் டிபன் டப்பாவைக் கையில் கொடுத்து, "தம்பி, கோவிச்சுக்காத. அவரு போனதும் நானே போன் பண்ணுதேன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் தலையக் காட்டாத" என்றார்.

மாட்டுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, ரயில்களை அனுப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஒரு வண்டியிலயும் ஏறலியே, என்ன விஷயமா வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஒரு பொண்ணோட மேல்படிப்பு விஷயமா" என்றேன்.