ரோஷக்கார ரிலே

கொடிக்கால் லைன் ஒரே வாரத்தில் பதினோராவது தடவையாகக் கட்டாகி அபாய மணி அலறியதும், மின்நிலைய ஆபரேட்டர் காசிமாயன் மறுபடி சுவிட்சைப் போட ஓடினார். இது நிற்காவிட்டால் மலைமேல் இருக்கும் மின்நிலையத்துக்கு மாற்றல் என்று மதுரை எஞ்சினியர் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி ஜெயக்கொடிக்கு நிறைமாதம்.

எல்லாம் புது ரிலே வந்த நேரம். லைனில் கோளாறு என்றால் மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் ரிலேயின் வேலை. பழையது, கண்ணாடிக்குள் தட்டு சுற்றும் கனத்த பெட்டி. இருபது வருஷமாக இடி மழைக்கு மட்டும் அசைந்த பொறுமைசாலி. அதைக் கழற்றிவிட்டு, சிவப்பு விளக்கு மினுக்கும் எலெக்ட்ரானிக் பெட்டியை மாட்டினார்கள். வேகமாம், நுட்பமாம். நுட்பமாவது மண்ணாங்கட்டியாவது.

காசிமாயனும் சும்மா இருக்கவில்லை. லைன்மேன் மருதுவை விட்டு வழிநெடுகக் கிளைகளை வெட்டினார். புளியமரத்துக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். லைனை நிறுத்திக் கம்பத்துப் பீங்கான்களைத் துடைத்தார். வெற்றிலைக்குத் தண்ணீர் பாயவில்லை என்று கொடிக்கால்காரர்கள் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். கடைசியில் ரிலேக்கே குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார். அன்று சாயங்காலம் வழக்கம்போல வயர்லெஸ்ஸில் எஞ்சினியருக்கு நிலவரம் சொன்னார். "எல்லாம் நல்லாருக்கு சார்" என்று சந்தோஷமாகச் சொல்லி முடிக்கவில்லை, கட்டானது.

எஞ்சினியர் உத்தரவு போட்டார். இனி மணிக்கொரு தடவை நிலவரம் சொல்ல வேண்டும். மேசைக்கும் ரிலேக்கும் ஓடாமல், வயர்லெஸ்ஸை ரிலே பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து மணிக்கொரு தடவை கட்டானது. பாவம், மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் எஞ்சினியரே ஜீப்பில் வந்து இறங்கினார். காசிமாயனை, எதையும் தொடக் கூடாதென்று மூலையில் நிறுத்திவிட்டு, ரிலே முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் ஒன்றுமே ஆகவில்லை.

"ரிலே மேல குத்தமில்லய்யா. நீதான் சரியில்ல."

"சார், வீட்டுல மாசமா இருக்கா சார். இப்பப் போயி..." காசிமாயனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவரை மாற்றச் சொல்லி மேலதிகாரியிடம் பேச எஞ்சினியர் வயர்லெஸ்ஸை எடுத்தார். "சார், நான் வந்ததுலருந்து ஒரு கோளாறும்..."

மணி அலறியது.

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ராக்கம்மாள் நிமிராமலே சொன்னாள்:

"பழசு, நீங்க எம்புட்டுப் பேசுனாலும் பொறுத்துக்கிடும் சார். இந்தப் புதுசு இருக்கே, அந்த வயர்லெஸ்ல யாரு வாயத் தொறந்தாலும் கட்டாயிருது."