லாண்டரிக்காரர் மலையில் ஓய்வெடுத்த விதம்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களின் சமூகத்துக்கு, மாமனார் மலைமேலிருந்து எழுதுவது.

நானும் உங்கள் அத்தையும் இங்கே சுகம். அங்கே தாங்களும், என் மகள் பாப்பாவும், தங்களை நம்பி ஒப்படைத்துவிட்டு வந்த லாண்டரியும், அதன் பாய்லரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிட்டார்கள். மனம் அமைதியடைய வேண்டுமாம். ஆகவே அறையில் கிடந்த தாளில் எழுதுகிறேன். தாங்கள் கவலைப்படக் கூடாது என்பதற்காக விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பந்தயத்தில் மாமா ஜெயித்தாயிற்று.

தாங்களும் சாட்சியாக நின்ற அதே பந்தயம்தான். எங்கள் கல்யாண நாளுக்கென்று தாங்களும் பாப்பாவும் இந்தச் சொகுசு விடுதியில் அறை எடுத்துக் கொடுத்ததும், உங்கள் அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாளே: "மூணு நாள் துணியைத் தொடாம, துணியைப் பத்தி வாயே திறக்காம எங்கூட இருந்து காட்டுங்க. காட்டிட்டா திரும்பி வந்து கடையில நிக்கறேன். இல்லேன்னா உங்களுக்கும் கடைக்கும் ஒரு பெரிய கும்பிடு. நான் பாப்பா வீட்டோட இருந்துக்கறேன்." அப்போது நான் சிரித்தேன். அது வெறும் வாய்ச் சிரிப்புதான் என்பதைத் தங்களிடம் மட்டும் சொல்கிறேன். பட்டில் விழுந்த கறை உங்கள் அத்தையின் விரலைக் கண்டாலே பயந்து ஓடும். அவள் இல்லாத கடையில் நான் கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். அது போகட்டும். அவள் இல்லாத வீட்டுக்கு நான் எதற்குப் பூட்டைத் திறந்து உள்ளே போக வேண்டும்?

இடத்தை ஒரு குறை சொல்ல முடியாது. ஜன்னலைத் திறந்தால் மலை, மூடினால் கண்ணாடி வழியே அதே மலை. கட்டிலில் இரண்டு துண்டுகளை அன்னப்பறவைகளாக மடித்து, கழுத்தோடு கழுத்து ஒட்டி உட்கார வைத்திருந்தார்கள். "ஐயோ, எவ்ளோ அழகு!" என்றாள் உங்கள் அத்தை. நான் வாயைத் திறக்கவில்லை. இடது அன்னத்தின் இறக்கைக்கு அடியில் எண்ணெய்க் கறை இருந்தது, அதற்கும் வாயைத் திறக்கவில்லை. தலையணை உறையை மட்டும் லேசாக முகர்ந்து பார்த்தேன். சோப்பைச் சரியாக அலசவில்லை, மாப்பிள்ளை. "என்ன பண்றீங்க?" என்றாள். "மூச்சு விடறேன்" என்றேன். மூச்சு விடுவது பந்தயத்தில் சேராது, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மறுநாள் ஆளுக்கொரு வெள்ளை அங்கி கொடுத்து, இதைத்தான் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும் என்றார்கள். என்னுடையதில் காலர் மஞ்சள். அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வாய் சும்மா இருக்காது என்று உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். பை ரெண்டும் வெளியே காது மாதிரி தொங்குச்சு. சாப்பாட்டு ஹாலில் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. பாத்தா பாத்துட்டுப் போறாங்க, பந்தயம் முக்கியமா அவங்க பார்வை முக்கியமா? உங்க அத்தை மட்டும் வேற மேஜையில போய் உட்கார்ந்துக்கிட்டா.

அப்புறம்தான் அந்தச் சேத்துக் குளியல். உங்க அத்தை ஆவி அறைக்குப் போறேன்னு போயிட்டா. என்னை ஒரு மேஜையில குப்புறப் படுக்க வச்சாங்க. கீழே விரிச்சிருந்த விரிப்பு இருக்கே, இந்த மலையிலேயே ஒழுங்கா வெளுத்திருந்தது அது ஒண்ணுதான். பால் மாதிரி. அதுல முகத்தை வச்சுக்கிட்டு நானும் நிம்மதியாக் கண்ணை மூடினேன், ஓய்வுன்னா இதுதான்டா சாமின்னு நினைச்சேன், அந்த நேரம் பாத்து பூசுறவர் ஒரு கரண்டி கருஞ்சேத்தை அள்ளி முதுகுல போட்டார், அதுல ஒரு கட்டி வழுக்கி விரிப்புல விழுந்துச்சு, விழுந்தா விழட்டும், அதை அந்த மனுஷன் உள்ளங்கையால தேய்ச்சார் மாப்பிள்ளை! கறையைத் தேய்ச்சார்! வெறும் சேறுன்னா காயவிட்டு உதறிடலாம், இது எண்ணெய் விட்டுக் குழைச்ச சேறு, தேய்ச்சா நூலுக்குள்ள இறங்கி உட்கார்ந்துக்கும், அப்புறம் அந்த ஆண்டவனே வந்தாலும் எழுப்ப முடியாது. "தேய்க்காதேய்யா பாவி!"ன்னு கத்திட்டேன். இது துணியைப் பத்திப் பேசினதா? இல்லவே இல்ல. கறையைப் பத்திப் பேசினது.

அடுத்து நடந்ததுக்கு நான் பொறுப்பில்ல, கையும் காலும்தான் பொறுப்பு. விரிப்பை உருவிக்கிட்டு ஓடினேன். உடம்பெல்லாம் கருப்பு, இடுப்புல ஒரு துண்டு. எதிரே புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு வந்துச்சு. என்னைப் பாத்து அந்தப் பொண்ணு வீல்னு கத்துச்சு. மாப்பிள்ளைப் பையன் அந்தப் பொண்ணை விட்டுட்டு முதல்ல ஓடினான். அது எப்படிக் குடும்பம் நடத்தப் போகுதோ தெரியல. தோட்டத்துல ஆவி பறக்க ஒரு வெந்நீர்த் தொட்டி இருந்துச்சு. எண்ணெய்க் கறைக்கு அதைவிட என்ன வேணும்? முக்கினேன். ரெண்டு கும்மு கும்மினேன். அந்த மூலையில கண்ணை மூடி ஒரு பெரிய மனுஷர் உட்கார்ந்திருந்ததை அப்புறம்தான் பாத்தேன். தண்ணி காப்பி நிறத்துக்கு வந்ததும் கண்ணைத் திறந்தார். "இது புது வைத்தியமா?"ன்னார். "ஆமா, தோலுக்கு நல்லது"ன்னேன். அள்ளி மூஞ்சில பூசிக்கிட்டு மறுபடி கண்ணை மூடிட்டார். நல்ல மனுஷர்.

மேனேஜரம்மா வந்தாங்க. அந்தம்மா பேசறது பஞ்சு உதிர்ற சத்தத்தைவிட மெதுவா. திட்டறாங்களா, நன்றி சொல்றாங்களான்னு புரியல. நன்றின்னே எடுத்துக்கிட்டேன்.

இதுவரைக்கும் படிச்சிட்டு மாமா தோத்துட்டார்னு பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க, அவசரக்குடுக்கை மாதிரி. இனிமேதான் இருக்கு விஷயம். இந்தக் கதை வேற வாய் வழியா உங்க அத்தை காதுக்குப் போறதுக்குள்ள நாமளே சொல்லிடுவோம்னு ஆவி அறைக்குப் போனா, அவ அங்கே வரவே இல்லைன்னாங்க. நேத்தும் ஆவி அறைன்னுதான் சொல்லிட்டுப் போனா, அப்பவும் வரலையாம். தோட்டம், மொட்டை மாடி, எல்லாம் தேடிட்டுக் கடைசியா அடித்தளத்துல சிரிப்புச் சத்தம் கேட்டு இறங்கினேன். அங்கே இந்த விடுதியோட துணி துவைக்கிற இடம். நடுவுல உங்க அத்தை! அங்கியை முழங்கை வரைக்கும் சுருட்டி விட்டுக்கிட்டு, ரெண்டு வேலைக்காரப் பொண்ணுங்களுக்கு எண்ணெய்த் துண்டை எப்படி ஊற வைக்கணும்னு சொல்லிக் குடுத்துக்கிட்டு நிக்கறா. பாருங்க மாப்பிள்ளை! ஊருக்கு உபதேசம்! "ஆங், பிடிச்சேன்! துணியைத் தொட்டது யாரு?"ன்னேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நானும் பெருந்தன்மையா அதோட விட்டுட்டேன். அவ மடிச்சு அடுக்கியிருந்த துண்டுல மேலே இருந்ததோட ஓரம் ஒரு நூல் விலகியிருந்துச்சு. வழக்கம்போலப் பிரிச்சுத் திருத்தி மடிச்சு வச்சேன். அவ கையைத் துடைச்சுக்கிட்டு, "காலையில பேசிக்கலாம்"னா. தோத்தவங்க வேற என்ன சொல்வாங்க?

ஆகவே தாங்கள் கடையை வழக்கம்போல் திறந்து வைக்கவும். நாங்கள் இருவரும் ஜோடியாக வந்து இறங்குவோம். டாக்டரம்மாவின் கோட்டைக் கஞ்சி போடாமல் கொடுத்துவிட வேண்டாம். பாய்லர் முனகினால் பயப்பட வேண்டாம், அது என்னைத் தேடுகிறது. பாப்பாவுக்கு எங்கள் ஆசிகள். தாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் விட்டு ஓடாமல், வெளுத்த துணி போல் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற மாமனார்.

பி.கு.: இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழே போகிற வண்டி கிளம்பும் முன் ரெண்டு வார்த்தை. ஜெயித்தேன் என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜரம்மா இங்கே துணிப் பிரிவு முழுக்க உங்க அத்தையைப் பாத்துக்கச் சொல்லிக் கேட்டாங்களாம். இவளும் சரின்னுட்டாளாம், நான் படி இறங்கறதுக்கு முன்னாடியே. "துணியே வேணாம்னு சொன்னவதானேடி நீ?"ன்னு கேட்டேன். "துணி மேல எனக்கென்ன கோபம்? இத்தனை வருஷமா நான் மடிச்சதை ஒரு நாளாவது நீங்க பிரிக்காம விட்டிருக்கீங்களா?"ன்னா. கத்தல, அழல, மெதுவாத்தான் கேட்டா. எனக்குத்தான் அழுகை வந்துடுச்சு மாப்பிள்ளை. கூடையில இருந்த ஈரத் துண்டை எடுத்து மூஞ்சில வச்சுக்கிட்டேன். "எனக்கும் ஏதாவது வேலை குடேன்"னு துண்டுக்குள்ள இருந்தே கேட்டேன். அவ கையில இருந்ததை மடிச்சு முடிச்சா. ஒரு வாரம் பாத்துட்டுச் சொல்றாளாம். கடையை இனி நீங்களும் பாப்பாவும் பாத்துக்குங்க. இங்கே எல்லாரும் அவளை மேடம்னுதான் கூப்பிடறாங்க, நானும் அப்படித்தான் கூப்பிடணுமாம். காலையில இருந்து அவ மடிச்சு மடிச்சுத் தர்றா, நான் அடுக்கிக்கிட்டு இருக்கேன். கை நமநமங்குது. ஆனா ஒண்ணைக்கூடப் பிரிக்கல, மாப்பிள்ளை.