நம்பிக் குடுக்கலாமா?

"போச்சுங்க! உசுரு போச்சு!" என்று அமுதவல்லி போட்ட சத்தத்தில், சவரம் செய்துகொண்டிருந்த கண்ணுசாமி கன்னத்தைக் கீறிக்கொண்டார்.

"யாருக்குடி?" என்று நுரையும் ரத்தமுமாக ஓடிவந்தார்.

"கம்ப்யூட்டருக்கு. சுவிட்சப் போட்டா ஒரு உறுமு உறுமுது. அப்பறம் கறுப்பாப் போயிருது."

"அடச்சீ. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நாலஞ்சு ரிப்பேர் கடை இருக்கு. தூக்கிக்கிட்டுப் போயி குடுத்துட்டு வா."

"குடுத்துட்டு வரவா?" அமுதவல்லி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

கண்ணுசாமிக்குத் தெரியும். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், துணிக்கடை மாடியில், 'அமுதவல்லி திருமணத் தகவல் மையம்' என்று போர்டு மாட்டி அவள் நடத்தும் தொழிலின் மொத்த உயிரும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. கல்யாணம் முடிந்துவிட்டால், பெட்டியைப் பார்க்காமல் யார் பெயரும் முகமும் அவளுக்கு நினைவில் நிற்காது. ஜாதகம், போட்டோ, போன் நம்பர் மட்டும் என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு பெயருக்கும் கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் போட்டு, குடும்பத்தார் காதோடு காதாகச் சொன்னதையெல்லாம் அமுதவல்லி அதில் தட்டி வைத்திருந்தாள். எந்தப் பையன் தலையில் இருப்பது அவனுடைய முடி இல்லை, எந்தப் பெண்ணின் முதல் கல்யாணம் மண்டபம் வரை வந்து நின்றது, எந்தச் சம்பந்தி எந்தச் சம்பந்தியைப் பற்றி என்ன சொன்னார் என்பதெல்லாம் அதில் இருந்தன. அது வெளியே போனால் மாவட்டத்தில் பாதிக் குடும்பம் மீதிக் குடும்பத்தோடு பேசாது. பேசுகிற இடத்தில் எல்லாரும் சேர்ந்து அமுதவல்லியைத்தான் பேசுவார்கள்.

போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை பொன்னமராவதியிலிருந்து ஒரு குடும்பம் ஜாதகம் பார்க்க வருகிறது. வீட்டுக்கு ஒரே பெண். பல வருஷமாகத் தட்டிக்கொண்டே போன வரன் இப்போதுதான் கூடி வந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஆலங்குடியிலிருந்து ஓர் அம்மா.

"பையனைப் பத்தி இன்னும் கொஞ்சம் விசாரிச்சுட்டுச் சொல்லலாம்னு..."

"விசாரிக்க என்னங்க இருக்கு? நான்தான் சொல்றேன்ல. தங்கக் கட்டி. கண்ண மூடிக்கிட்டு முடிங்க" என்று சொல்லி போனை வைத்த அமுதவல்லி, விட்ட இடத்திலிருந்து கணவரைப் பிடித்தாள். "முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன்கிட்ட எப்படிங்க நம்பிக் குடுக்கிறது? விசாரிக்க வேணாமா?"

விசாரிக்கக் கிளம்பினாள்.

முதல் கடையில் இருந்தவன் அவள் சொல்லி முடிப்பதற்குள், "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. உள்ள இருக்கிற எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுத் தாரேன்" என்றான். அமுதவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

இரண்டாவது கடையில் இரண்டு பேர் ஏதோ ஒரு குடும்பத்தின் காதுகுத்துப் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்து, "இந்தத் தாய்மாமன் மூஞ்சியப் பாரு" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அமுதவல்லி வாசலிலேயே திரும்பிவிட்டாள். திரும்பும்போதே ஒரு முடிவு எடுத்துவிட்டாள். வாயால் கேட்டால் எல்லாரும் நல்லவன்தான். சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதான்.

மகன் வெற்றிச்செல்வன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பரணில் கிடந்தது. திருப்பூரில் வேலை பார்க்கும் அவனை போனில் பிடித்து, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, லேப்டாப்பில் ஒரு பொறி வைத்தாள். திறந்ததும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி ஒரு ஃபைல். 'ரகசியம். யாரும் திறக்கக் கூடாது' என்று அதற்குப் பெயர். திறந்தால் அமுதவல்லியின் குரல் ஓடும்.

"இப்படியெல்லாம் பண்ணா ஊரு சிரிக்கும்" என்றார் கண்ணுசாமி.

"சிரிக்கட்டும். யோக்கியன் யாருன்னு தெரிஞ்சுரும்ல."

மூன்றாவது கடையில் லேப்டாப்பைக் கொடுத்து, "தூசி தட்டி மட்டும் குடுங்க தம்பி. நான் கடைத்தெருவுக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, எதிர்த்தாற்போல் இருந்த கரும்புச்சாறு வண்டி மறைவில் போய் உட்கார்ந்தாள். சாறு வந்து கைக்குச் சேர்வதற்குள் எதிர்க்கடையிலிருந்து அவள் குரல் வீதியெல்லாம் கேட்டது.

"டேய்! தொறக்காதேன்னு எழுதியிருக்குல்ல? படிக்கத் தெரியாதா? நான் வந்து ஒங்க வீட்டுப் பீரோவத் தொறக்கட்டுமா?"

கடைக்காரன் பதறிப்போய் லேப்டாப்பை மூடி மேசைக்கடியில் தள்ளினான். மூடிய பிறகும் அது நிற்கவில்லை. "ஒன்னய நம்பித்தானடா குடுத்தேன்!" என்று மேசையடியிலிருந்து அழுதது. ஷேர் ஆட்டோக்கள் நின்றன. எந்தப் பெண்ணுக்கு என்ன அநியாயம் நடந்தது என்று பார்க்க ஒரு கூட்டம் உள்ளே பாய்ந்தது. அமுதவல்லியும் சாற்று டம்ளரோடு உள்ளே நுழைந்து, லேப்டாப் விட்ட இடத்திலிருந்து தானே தொடர்ந்தாள். ஒருவர் நிதானமாக அதை போனில் படம் பிடித்தார்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் புதுக்கோட்டையில் போகாத குரூப் இல்லை.

மறுநாள் நான்காவது கடைக்குப் போனாள். படியேறுவதற்குள்ளேயே கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, அந்தக் கத்துற லேப்டாப்பு நீங்கதானே? நான் பிள்ளகுட்டிக்காரன். விட்ருங்க."

"அது வேறங்க. இது நெசமாவே ரிப்பேரு."

"அதத்தான் அவன்கிட்டயும் சொல்லியிருப்பீங்க."

ஐந்தாவது கடையில் அவளைப் பார்த்ததுமே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள். ஊரில் யோக்கியனும் தொட மாட்டான், அயோக்கியனும் தொட மாட்டான் என்று ஆகிவிட்டது.

வீடு திரும்பினால் போன் விடாமல் அடித்தது.

"ஏம்மா, எங்க பொண்ணு போட்டோவெல்லாம் கடைகடையாப் போயிக்கிட்டிருக்காமே?"

"அய்யய்யோ, அது ஒண்ணும் வெளிய போகலைங்க. ஒங்க விஷயத்தக் காப்பாத்தத்தான் நான் இந்தப் பாடு படுறேன்."

"காப்பாத்துற லட்சணத்தத்தான் வாட்ஸ்அப்புல பாத்தோமே."

பொன்னமராவதிக்காரர்களும் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வருவதா வேண்டாமா என்று யோசிப்பதாகச் சொன்னார்கள். போனை வைத்த அமுதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் அம்மா போன வாரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசியது நினைவுக்கு வந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். விடுவதில்லை என்று மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

இதற்கிடையில், மனைவியின் கண்ணீரைப் பார்த்த கண்ணுசாமிக்கு வீரம் வந்துவிட்டது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "எந்த வண்டியா இருந்தாலும் காத்துப் போனாத்தான் எஞ்சின் எடுக்கும்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியின் பக்கவாட்டைக் கழற்றினார். சைக்கிள் பம்பை எடுத்துக்கொண்டு வந்து உள்ளே காற்று அடித்தார். ஒட்டடை பறந்தது. ஒரு பல்லி வெளியே வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனது. சுவிட்சைப் போட்டார். பட்டென்று ஒரு நீலப் பொறி, கருகல் வாசனை, அப்புறம் அமைதி.

"முன்னாடி உறுமவாச்சும் செஞ்சுச்சு" என்றாள் அமுதவல்லி.

பெட்டியை ஒரு போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு, அதே ஐந்தாவது கடை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் தலை தெரிந்ததுமே ஷட்டர் இறங்கியது. அவள் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே இரண்டு கால்கள் வந்து நின்றன. கால்களுக்கு மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அக்கா, ஒங்களுக்குத் தோதான ஆளு ஒருத்தரு இருக்காரு. கறம்பக்குடி கடைத்தெருவுல நிலவழகன்னு கேளுங்க. அவருகிட்ட குடுத்த பொருளு குடுத்தபடி திரும்பி வரும். தயவுசெஞ்சு கெளம்புங்க."

அமுதவல்லி கறம்பக்குடி பஸ்ஸில் ஏறினாள். மடியில் போர்வைக்குள் பெட்டி, தோள்பையில் பொறி வைத்த லேப்டாப். பக்கத்தில் இருந்த பெண், "பிள்ளைக்கு மூச்சு முட்டப்போகுது, மூஞ்சியத் தொறந்து விடுங்க" என்றாள். "மூச்சு ஏற்கெனவே நின்னுபோச்சு" என்றாள் அமுதவல்லி. அந்தப் பெண் எழுந்து போய் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

கறம்பக்குடியில் இறங்கியதும் நேராகக் கடைக்குப் போய்விடவில்லை. முதலில் டீக்கடை.

"இங்க நிலவழகன்னு ஒருத்தரு இருக்காராமே, நம்பிக் குடுக்கலாமா?"

"தாராளமாக் குடுக்கலாம். அந்தப் பையன் ஒரு டீ குடிக்கக்கூட இங்கிட்டு வந்ததில்ல."

உரக்கடைக்காரர், "அடுத்தவன் சோலிக்கே போகாத ஆளுங்க" என்றார். பூ விற்கும் காத்தாயி, "இந்தத் தெருவுல அப்படி ஒருத்தன் இருக்கிறதே தெரியாது, தாயி" என்றாள். ஒவ்வொரு பதிலுக்கும் அமுதவல்லிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கடையில் மேசைக்குப் பின்னால் ஓர் இளம்பெண் இருந்தாள். நிலவழகனின் மனைவி, சுடர்விழி என்று பெயர் சொன்னாள். போர்வையோடு வந்து நின்ற அமுதவல்லியை ஒரு கணம் கூர்ந்து பார்த்தாள். அப்புறம், "வாங்க, உக்காருங்க" என்றாள். உள்ளே, தட்டிக்கு அப்பால், விளக்கு வெளிச்சத்தில் ஒரு முதுகு மட்டும் தெரிந்தது.

அமுதவல்லி முதலில் லேப்டாப்பை உள்ளே அனுப்பினாள். காதைத் தீட்டிக்கொண்டு, தன் குரல் எப்போது கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. லேப்டாப் தூசி தட்டி, துடைத்து, சத்தமில்லாமல் திரும்பி வந்தது.

அவளுக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. மீதிக்கு விசாரணையைத் தொடங்கினாள்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. எல்லாம் குடும்பத்து விஷயம். ஒம் புருசன் வெளிய யார்கிட்டயும் பேச மாட்டாருல்ல?"

"பேச்சா? காலையில 'வாரேன்'னு ஒரு வார்த்தை, பொழுதுபோனா 'சோறு'ன்னு ஒரு வார்த்தை. அதோட சரி."

"அடடா. போட்டோவெல்லாம் நெறைய இருக்கு. எடுத்துப் பாத்துருவாரோ?"

"எங்க கல்யாண ஆல்பமே பீரோவுல கெடக்கு. இன்னும் பிரிச்சுப் பாக்கல."

"கூட்டாளிங்க கடைக்கு வர்றது, பொட்டியச் சுத்தி நின்னு கதை பேசுறது, அப்படி ஏதாச்சும்?"

"மனுச மக்க வந்தாலே ஆகாது. எங்க அப்பா வந்தப்பகூட திரும்பிப் பாக்கல."

"கடையப் போட்டுட்டு அங்கிட்டு இங்கிட்டு சுத்தப் போவாரா?"

"கல்யாணம் ஆகி வந்ததுலருந்து ரெண்டு பேரும் இந்த ஊரு எல்லையத் தாண்டல."

"வேலையில கவனமா இருப்பாரா?"

"கையில ஒரு பொட்டி இருந்தா, பக்கத்துல நான் மயங்கி விழுந்தாலும் அத முடிச்சுட்டுத்தான் எந்திரிப்பாரு."

அமுதவல்லிக்கு இதற்கு மேல் கேட்கக் கேள்வி இல்லை. தொழிலில் எத்தனையோ குடும்பங்களைப் பார்த்தவள். இப்படி ஒரு கேள்விக்குக்கூடக் கறை இல்லாத பதில் எங்குமே வந்ததில்லை. போர்வையைப் பிரித்து, பெற்ற பிள்ளையைக் கொடுப்பது போல் பெட்டியை உள்ளே கொடுத்தாள்.

அந்த முதுகு குனிந்தது. எதையோ கழற்றியது, எதையோ மாட்டியது. நேரம் போனது தெரியாமல் அமுதவல்லி சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பஸ் போகிற சத்தத்தைத் தவிர அந்தக் கடையில் வேறு சத்தமே இல்லை. கடைசியில் பழைய உறுமல் கேட்டது. திரையில் வெளிச்சம் வந்தது. மாவட்டத்து மாப்பிள்ளைகளும் பெண்களும் ஒருவர் குறையாமல் வரிசையாக வந்து நின்றார்கள். நிலவழகனோ, எல்லாம் வந்துவிட்டதா என்று அவளையே பார்க்கச் சொல்லி விரலால் காட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அமுதவல்லி அங்கேயே பொன்னமராவதிக்கு போன் போட்டு, "ஒங்க வீட்டு விஷயம் ஒண்ணும் வெளிய போகல. இனிமேலும் போகாது. எங் கண்ணால பாத்துட்டேன். ஞாயித்துக்கெழம கண்டிப்பா வாங்க" என்றாள். அந்தப் பக்கம் பெண்ணின் அம்மா வருவதாகச் சொன்னாள். கண்ணுசாமிக்கும் செய்தி போயிற்று. பம்பை ஒளித்து வைக்கும்படி உத்தரவும் கூடவே போயிற்று.

பெட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு எழுந்தவளுக்கு, அப்படியே வாசல் தாண்ட மனசு வரவில்லை. சுடர்விழியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"நாள் முச்சூடும் அலைஞ்சு விசாரிச்சேன் ஆத்தா. இப்படி ஒரு மனுசன நான் பாத்ததே இல்ல. நீ குடுத்து வச்சவ!"

சுடர்விழி சிரிக்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்டுச் சொன்னாள்:

"போன தையில என்னைய இவருக்கு முடிச்சு வச்சதே நீங்கதான்க்கா, இந்தப் பொட்டியக் குடுக்க ஊரெல்லாம் விசாரிச்சீங்களே, என்னையக் குடுக்கறப்ப ஒரு வார்த்த விசாரிச்சீங்களா?"