ஒரே நடையில் புலி, ஆடு, புல்லுக்கட்டு

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்தது என்று ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை. என்ன செய்ய, இந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. ஓர் ஆறும், ஒரு பரிசல்துறையும், அந்தத் துறைக்குத் தலைவராக ஒரு புலியும் இருந்தன. புலியின் பெயர் வேங்கையப்பர். கிட்டத்தில் இருந்தவர்கள் அவரை ஐயா என்று கூப்பிட்டார்கள். தூரத்தில் இருந்தவர்கள் ஓடிப்போனார்கள்.

அக்கரையில் வாரச்சந்தை. கொம்பாயி என்ற வெள்ளாடு சந்தைதோறும் ஒரு புல்லுக்கட்டைக் கொண்டுபோய் விற்கும். புல் விற்கிற ஆட்டை நம்பலாமா என்று கேட்பீர்கள். நம்பக்கூடாதுதான். தனியே விட்டால் சரக்கைத் தானே தின்று தீர்த்துவிடும் என்பது கொம்பாயிக்கே தெரியும். சந்தையைப் பார்வையிட ஐயாவும் அதே நாளில் அக்கரை போவார். சந்தையில் நாலு பேர் பார்ப்பார்கள் என்பதால் அங்கே அவர் பரம சாது. இக்கரையில் அந்த உத்தரவாதம் இல்லை.

பரிசலோ சின்னது. பரிசல்காரனான முங்கன் என்ற நீர்நாயைத் தவிர இன்னும் ஓர் ஆளுக்கோ ஒரு கட்டுக்கோதான் இடம். அதனால் ஆட்டை அக்கரையில் விட்டு, வந்து புல்லை ஏற்றிப்போய், ஆட்டைத் திருப்பிக் கூட்டிவந்து, புலியைக் கொண்டுபோய் விட்டு, மறுபடி ஆட்டுக்காக வந்து... நீங்களும் நானும் பள்ளிக்கூடத்தில் மண்டையைப் பிய்த்துக்கொண்ட அதே கணக்குத்தான். நமக்கு மண்டை வலித்தது, முங்கனுக்குத் தோள் வலித்தது. வித்தியாசம் அவ்வளவே.

இப்படி இருக்கையில், வருஷாவருஷம் வெளிநாடு போய்வருகிற நாரை ஒன்று அந்த முறை ஒரு டேப்லெட்டோடு வந்து இறங்கியது. சரக்கு ஏற்றுவதற்குத் திட்டம் போடும் சாஃப்ட்வேர் அதில் இருந்தது. எது எவ்வளவு கனம், எவ்வளவு அகலம், எதற்குள் எது அடங்கும் என்று சொல்லிவிட்டால் போதும், காலியிடமே இல்லாமல் அடுக்கிக் காட்டிவிடுமாம். நாரை புல்லுக்கட்டை அளந்தது. கொம்பாயியை அளந்தது. ஐயாவின் வயிற்றையும், அனுமதி கேட்டுவிட்டு, அளந்தது.

மறுநாள் காலை படித்துறையில் கூட்டம் போட்டு நாரை திட்டத்தைக் காட்டியது. திரையில் ஒரு பரிசல். பரிசலுக்குள் மஞ்சளாக ஒரு பெரிய வட்டம், அதற்குள் பழுப்பாக ஒன்று, அதற்குள்ளே பச்சையாக ஒரு சின்ன வட்டம்.

கொம்பாயி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தது. "நான் எங்கேண்ணே இருக்கேன்?"

"மஞ்சளுக்குள்ள பழுப்பு தெரியுது பாருங்க, அதுதான் நீங்க" என்றது நாரை. "பாத்திரக் கடையில அண்டாவுக்குள்ள குண்டான், குண்டானுக்குள்ள சொம்புன்னு அடுக்கி அனுப்புவாங்கல்ல, அதே முறை. ஒரே நடையில வேலை முடிஞ்சிடும்."

"அக்கரையில எப்படி இறங்குறது?"

"இறக்குறது அடுத்த வெர்ஷன்ல வரும்."

கொம்பாயி இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டது. ஐயா மட்டும் கண்ணை மூடி, பெருந்தன்மையாகத் தலையசைத்தார். தனக்குத் தனிப்பட்ட விருப்பு வெறுப்பு எதுவும் கிடையாது என்றும், துறையின் முன்னேற்றத்துக்காக எந்தச் சுமையையும் சுமக்கத் தயார் என்றும் சொன்னார். சொல்லும்போது எச்சிலை விழுங்கினார். வரும் சந்தைநாளிலிருந்து திட்டம் அமல் என்று முடிவாயிற்று. முங்கன் ஆட்டின் முகத்தைப் பார்க்காமல் துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாவம்தான் என்று அவனுக்கும் பட்டது. ஆனால் ஒரே நடை என்றதுமே தோள் பாதி சரியாகிவிட்டது, அதற்கு அவன் என்ன செய்வான்?

அன்று முழுக்கக் கொம்பாயி ஒரு வாய் புல் தின்னவில்லை. ஓடிப்போகலாம் என்றால் ஐயா ஓட்டத்தில் கெட்டிக்காரர். கெஞ்சலாம் என்றால், ஆடு அழுகிறதே என்று எந்தப் புலியும் பட்டினி கிடந்ததில்லை. நாரையோடு சண்டை போடலாம் என்றால் அதற்கு யார்மேலும் விரோதம் கிடையாது. கணக்கு சரியாக வந்தால் தன்னையே மடித்து ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொள்ளும் ரகம் அது. இதை நினைத்தபோதுதான் கொம்பாயிக்கு ஒரு யோசனை தோன்றியது.

சாயங்காலம் அது நாரையிடம் போய்த் திட்டத்தை வாயாரப் புகழ்ந்தது. புகழ்ச்சிக்கு மயங்காத நிபுணன் உண்டா? நாரை கழுத்தை நீட்டிக்கொண்டு கேட்டது. பிறகு கொம்பாயி மெல்ல ஒரு சந்தேகம் கேட்டது. சாஃப்ட்வேரில் வண்டி என்றால் என்ன அர்த்தம்?

தண்ணீரில் போகக்கூடியது, கனம் தாங்கக்கூடியது எதுவானாலும் வண்டிதான் என்றது நாரை.

"அப்ப நம்ம முதலை?"

நாரையின் அலகு திறந்தபடி நின்றுவிட்டது. உடனே பறந்துபோய் மடுவில் கிடந்த முதலையை வாலிலிருந்து மூக்குவரை அளந்து வந்தது. டேப்லெட்டில் சக்கரம் சுற்றி நின்றது. புல் ஆட்டுக்குள், ஆடு புலிக்குள், புலி முதலைக்குள். பரிசல் வேண்டாம், துடுப்பு வேண்டாம், காத்திருக்க வேண்டாம். இப்படி ஒரு விடை தன் வாழ்நாளில் வந்ததில்லை என்று நாரை கண் கலங்கியது.

மறுநாள் மறுபடி கூட்டம். திரையில் இந்த முறை மஞ்சளைச் சுற்றி இன்னொரு வட்டம், கரும்பச்சையில். முதலையும் வந்து படிக்கட்டில் தாடையை வைத்துக்கொண்டு கேட்டது.

"எனக்கு ஆட்சேபணை இல்லீங்க" என்றது முதலை. "தனிப்பட்ட விருப்பு வெறுப்பெல்லாம் எனக்கும் கிடையாதுங்க."

ஐயா திரையைப் பார்த்தார். முதலையைப் பார்த்தார். படிக்கட்டில் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் வேகம், மிச்சம்னு பார்த்தா எப்படி?" என்றார். "மிருகாபிமானம்னு ஒண்ணு வேண்டாமா?"

அதன்பின் அவர் நெடுநேரம் பேசினார். முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல என்றார். சுமையைத் தனித்தனியாக ஏற்றுவதில் உள்ள கண்ணியத்தை விளக்கினார். பேச்சினிடையே தண்ணீர்ப் பக்கம் அவர் முதுகைத் திருப்பவே இல்லை. கடைசியில், பழைய முறையே தொடரும் என்றும், டேப்லெட்டைக் கோணிப்பையில் கட்டி வைக்கலாம் என்றும் உத்தரவிட்டார். முதலை மட்டும் மெய்யாகவே வருத்தப்பட்டுத் தண்ணீருக்குள் போயிற்று.

சந்தைநாள் வந்தது. ஆட்டை விட்டு, புல்லை விட்டு, ஆட்டை அழைத்துவந்து, புலியை விட்டு, கடைசி நடைக்கு முங்கன் கொம்பாயியை ஏற்றிக்கொண்டான். பாதி ஆறு தாண்டும்வரை அவன் துடுப்பையே பார்த்து வலித்துக்கொண்டிருந்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மன்னிச்சிரு அக்கா" என்றான் பிறகு. "ஒண்ணு கேக்கணும். ஐயா அதுக்கும் சரின்னு சொல்லியிருந்தா, முதலைக்குள்ள புலி, புலிக்குள்ள நீதானே? அந்தத் தைரியம் எப்படிக்கா வந்துச்சு?"

கொம்பாயி கால்களை மடக்கிச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

"மேல இருக்கிறவங்க, தான் உள்ளே போற திட்டத்துக்குச் சரின்னு சொன்னதா நீ எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கியா, முங்கா?"

நீதி: உன்னை விழுங்க வரும் திட்டத்தை எதிர்த்துப் பேசாதே. கைதட்டி வரவேற்று, தலைவரும் உள்ளே அடங்கும்வரை அதை மேம்படுத்திக் கொடு. முதலையோடு பழக்கம் வைத்திருப்பதும் நல்லது.