ஆயுத பூஜையன்று லினக்ஸ் ஏற்றிய வகையில்

எலெக்ட்ரானிக் சிட்டி, பெங்களூர்
அக்டோபர் 2004

சிரஞ்சீவி மாப்பிள்ளை ராஜேஷ்குமார் அவர்களுக்கு மாமனார் எத்திராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் பால்கனிக் கறிவேப்பிலையும் நலம். ஹைதராபாத்தில் நீங்களும் வைஷ்ணவியும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன். ஈமெயில் அனுப்பினால் வைஷ்ணவி முதலில் படித்துவிடுவாள் என்பதால் தபாலில், அதுவும் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

விஷயம் உங்கள் கையடக்கக் கம்ப்யூட்டர் பற்றியது. முதல் சம்பளத்தில் வாங்கியது, போன தடவை எங்கள் அலமாரியில் விட்டுப்போனீர்களே, அதேதான். அது இப்போது வேலை செய்யவில்லை.

நான் அதை விளையாட்டாகத் தொடவில்லை மாப்பிள்ளை. கல்யாணமானதிலிருந்து நீங்கள் போனில் என்னிடம் பேசியதெல்லாம் "நல்லா இருக்கேன் மாமா, வைஷ்ணவிகிட்ட குடுக்கறேன்" என்பது மட்டும்தான். குறை சொல்லவில்லை, மின்வாரியத்தில் காலம் தள்ளியவனிடம் நீங்களும் என்னதான் பேசுவீர்கள். ஆனாலும் எனக்கு ஏக்கமாக இருந்தது. லினக்ஸ் என்றால் நீங்கள் சாப்பாட்டை மறந்து பேசுவீர்கள் என்று வைஷ்ணவி சொன்னாள். மேல்வீட்டு சேஷகிரியும் அதே ரகம், கம்ப்யூட்டர் என்று எதைக் கண்டாலும் அதில் லினக்ஸ் ஏற்றாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. உங்களுடையதைப் பார்த்ததும், உள்ளே இருக்கிற பழைய சிஸ்டத்தை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டால் புதுசாக ஓடும் என்றார். தலை தீபாவளிக்கு வரும்போது உங்கள் கையில் கொடுத்து அசத்திவிடலாம், நமக்குள் பேச ஒரு விஷயமாவது இருக்கும் என்று நானும் தலையாட்டினேன்.

அவருக்கு லீவு கிடைத்தது ஆயுத பூஜையன்று. ஸ்டாண்டில் அதை நிறுத்தி, வயர் மாட்டி, என் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்ற ஆரம்பித்தார். முடியும்வரை ஸ்டாண்டிலிருந்து எடுக்கவே கூடாது என்று எச்சரித்துவிட்டு, ஸ்கூட்டருக்குப் பூசணிக்காய் உடைக்கக் கீழே போனார். கரண்ட் போகக் கூடாதே என்று, மின்வாரியத்திலேயே தலை நரைத்த நான், முதல் முறையாகப் பொதுஜனம் போல சாமியை வேண்டிக்கொண்டேன். கரண்ட் போகவில்லை. உங்கள் அத்தை வந்தாள். ஆயுதம் எதுவும் இன்றைக்கு வேலை செய்யக் கூடாது என்பது அவள் சட்டம். மிக்ஸியே ஓய்வெடுக்கும்போது மாப்பிள்ளையின் கருவி மட்டும் மாடாக உழைப்பதா என்று கேட்டாள். என் ஸ்கூட்டருக்கும் எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லி சேஷகிரி கூப்பிட்டார். நான் போய்த் திரும்புவதற்குள் அவள் அதைப் பிடுங்கி, வயர் மாட்டும் ஓட்டையில் சந்தனமும் திரையில் குங்குமமும் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தாள்.

பின்னாலேயே வந்த சேஷகிரி தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லா ஹோய்து சார். பழசும் போச்சு, புதுசும் வரல" என்றார், கன்னடமும் தமிழுமாக. உடனே திரும்ப மாட்டலாம் என்றால் அத்தை விடவில்லை. "பூஜையில வெச்சத மறுபூஜை முடிஞ்சுதான் எடுக்கணும். மாப்பிள்ளையோடது, நான் துணிய மாட்டேன்" என்றாள். உங்கள் மேல் அவளுக்கிருக்கும் மரியாதைதான் அதைக் கொன்றது என்பதைக் கவனிக்கவும். மறுநாள் எடுத்தபோது பேட்டரி காலி. சேஷகிரி ஊக்கால் சந்தனம் சுரண்ட, நான் விசிற, சார்ஜ் ஏற்றிப் பார்த்தால் திரையில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி வந்து நின்றுவிட்டது.

வேறு கம்ப்யூட்டர் வாங்கித் தரலாம், முதல் சம்பளத்தை எங்கே போய் வாங்குவது? இனி உங்கள் பொருள் எதையும் தொட மாட்டேன், லினக்ஸ் என்ற பேச்சையே எடுக்க மாட்டேன். இதை மனதில் வைத்துத் தலை தீபாவளிக்கு மட்டும் வராமல் இருந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு விளக்கும் கம்ப்யூட்டரும் என்றும் அணையாதிருக்க ஏழுமலையான் அருள்வானாக.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
எத்திராஜ்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் நீங்களே போன் செய்துவிட்டீர்கள். அத்தை வைஷ்ணவியிடம் உளறியிருக்கிறாள். திட்டப் போகிறீர்கள் என்று ரிசீவரைத் தள்ளியே பிடித்திருந்தேன். நீங்களோ, "திரையில என்ன வருது மாமா, எழுத்தெழுத்தா படிங்க" என்றீர்கள். அடுப்பில் சாம்பார் அடிபிடிக்கும்வரை பேசினீர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை போனில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னீர்கள். இந்தக் கடிதம் திங்களுக்கு முன் வந்து சேராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்: சற்றுமுன் சேஷகிரி வந்து அதைச் சரிசெய்துவிட்டார், லினக்ஸ் ஜம்மென்று ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுபடி கெடுத்துத் தரும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன்.